கடற்கரை வீதிக் கடையும் நான் கொடுத்த சீதனமும்

1

இதை நானே எழுதுகிறேன். படித்தது நாலாம் வகுப்பு வரைதான். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பகல் போகும். எழுத்துப் பிழைகளை என் இளைய மகள் ரிஸானா திருத்துவாள். கதையைத் திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதில் அவளும் வருகிறாள். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் எனக்கு இரக்கப்பட வேண்டாம். நடந்ததை நடந்தபடி தெரிந்துகொண்டால் போதும்.

மெல்பேர்ணில் இருக்கிற ரிஸானாவிடம் நான் வந்து ஏழு வருஷம் ஆகிறது. காலையில் அவளும் மருமகனும் வேலைக்குப் போவார்கள். நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் பிறகு படுப்பதில்லை. கறியை அடுப்பில் வைத்து இறக்கிவிட்டு, தலையை நன்றாக மூடி, குளிருக்கு மேலங்கி போட்டுக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்து வருவேன். டொக்டர் சொன்ன நடை அது.

ரிஸானாவின் வேலை இந்த நகரத்துச் சபையில். முதலில் எனக்கு அது என்ன வேலை என்று விளங்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் வைத்துக் காட்டினாள். தேத்தண்ணிக் கடைக்காரர் நடைபாதையில் நாலு கதிரை போட்டிருந்தால், அந்த நடைபாதை சபையுடையது. தெருவுக்கு மேலே நீட்டிக் கட்டிய கூரை, சுவரோரம் வைத்த மரக்கறித் தட்டு, எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையெழுத்து வைத்தவர் இப்போதும் இருக்கிறாரா, சொன்ன அளவுக்குள் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பொது இடத்தைத் தனி ஆள் பாவிப்பதற்குக் கணக்கெடுப்பு என்று சொன்னாள். நல்ல வேலைதான் என்று நினைத்தேன், ரயில் நிலையத்தடியில் பூ விற்கிற மனிதரின் தட்டைக் கழற்றும் வரைக்கும்.

அவர் கிரேக்க நாட்டுக்காரர், என் வயதிருக்கும். என் இங்கிலீசும் அவர் இங்கிலீசும் ஒரே அளவு, அதனால் எங்களுக்குக் கதைப்பதில் வெட்கம் இருக்கவில்லை. ஒப்பந்தம் அவர் மனைவியின் பேரில் இருந்ததாம். மனைவி மௌத்தாகி நாலு வருஷம். பேருக்குரியவர் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று கடிதம் எழுதியது என் மகள். புதிதாக விண்ணப்பியுங்கள் என்றும் எழுதினாளாம், அவர் விண்ணப்பிக்கவில்லை. அன்றிரவு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நான் அவளை நன்றாக ஏசினேன். உனக்கு மனசு என்று ஒன்று இருக்கா என்று கேட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு ரெண்டு கிழமைக்குப் பிறகு ஊரில் இருந்து எனக்கே ஒரு படிவம் வந்தது.

2

ஊரில் கடற்கரை வீதியில், கல்முனைக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், எங்கள் பிரதேச சபையின் நிலத்தில் ஒரு சின்னக் கடை என் பேரில் இருக்கிறது. பலகைக் கடைதான், மேலே தகரம். காலையில் கரைவலை இழுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வெறுந்தேத்தண்ணி, ரொட்டி, இடியப்பம். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சில்லறைச் சாமான்.

சுனாமிக் கடல் வந்த வருஷம் என் மனிசன் போனார். வீடும் போனது. வளவு மட்டும் மிஞ்சியது, அதையும் கடலுக்குக் கிட்ட என்று சொல்லி வீடு கட்ட விடவில்லை. அந்த நாளில் சபை எனக்கு இந்தக் கடையைத் தந்தது. ஒப்பந்தம் எழுதும்போது பாண்டிருப்பில் இருந்து வந்து வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளை எல்லா நிபந்தனைகளையும் ரெண்டு தரம் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் மெதுவாக வாசிக்கிறவள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றப் பொம்பிளைகள் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். நான் பேனையை வாங்கி, ம. ஆசியா உம்மா என்று எழுதினேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

அவள் வாசித்ததில் ஒன்று, இந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கவோ விற்கவோ கைமாற்றவோ கூடாது என்பது. ரெண்டு தரமும் கேட்டேன். விளங்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

ரெண்டு வருஷத்தில் மூத்தவள் பரீதாவுக்குக் கலியாணம் பேசி வந்தது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் இருப்பார். உம்மாவுக்கு உம்மா கொடுத்தது, உம்மா மகளுக்குக் கொடுப்பாள். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் பேசுவது, நெருப்பில்லாத அடுப்பில் பானை வைப்பது மாதிரி. என்னிடம் வீடு இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எழும்பப் போகிற நேரத்தில் நான் சொன்னேன், வீடு பிறகு வரும், இப்போது கடற்கரை வீதிக் கடை பரீதாவுக்கு என்று. பேச்சுக்கு வந்திருந்த பள்ளிவாசல் நிர்வாகி மரைக்கார் அதைக் கேட்டுத் தலையாட்டினார். மாப்பிள்ளையின் உம்மா மறுபடி உட்கார்ந்தாள். காவின் எழுதிக் கலியாணம் முடிந்தது ஒரு மாதத்தில்.

சபையிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை வாசித்தது காதில் இருந்தது. ஆனால் மகள் வேறொருவர் என்று எங்கள் பகுதியில் எந்தத் தாய் நினைப்பாள்? அடுப்பை ஒரு மூலையில் இருந்து தூக்கி மற்ற மூலையில் வைத்த மாதிரித்தான் நான் நினைத்தேன். கேட்டிருந்த மரைக்காரும் அப்படித்தான் நினைத்தார். ஊரில் அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்றில் இருந்து பரீதாதான் கடையில் நிற்கிறாள். வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிப்பது மட்டும் என் பேரில்.

3

வந்த படிவத்தைப் பரீதாவின் புருஷன் நௌபர் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். சபை இப்போது தன் நிலத்தில் இருக்கிற எல்லாக் கடைகளின் ஒப்பந்தங்களையும் மீளாய்வு செய்கிறதாம். நாலு கேள்வி. ஒப்பந்தக்காரர் யார். இப்போது இடத்தைப் பாவிப்பவர் யார். ஒப்பந்தக்காரர் எங்கே வசிக்கிறார். இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா.

எழுத்துக் கூட்டி வாசித்து முடித்ததும், கடைசிக் கேள்வியைத் திரும்பவும் ஒரு தரம் வாசித்தேன்.

நௌபர் நல்ல பிள்ளை. என்னோடு குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. அவர் பதிலையும் எழுதியே வைத்திருந்தார். நான் தற்காலிகமாக வெளிநாடு வந்திருக்கிறேன், மகள் எனக்கு உதவியாக நிற்கிறாள், அவ்வளவுதான். கையெழுத்து வைத்துப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னார். பரீதாவின் மகள் இல்மாவுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசி முடிகிற தறுவாயில் இருக்கிறது. நெல் மில் வைத்திருக்கிற குடும்பம். அவர்களுக்குப் பரீதாவும் நௌபரும் கொடுப்பதாகச் சொன்னது அந்தக் கடையை.

என் பேத்திக்கும் அதே கடை. நான் செய்ததை மகளும் செய்கிறாள், நான் நினைத்த மாதிரியே நினைத்துக்கொண்டு.

தற்காலிகம் என்கிற சொல்லில் நான் நின்றுவிட்டேன். போன வருஷம்தான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க எனக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க வந்தவள் சென்னைப் பிள்ளை. கேள்விக்கெல்லாம் நான் ஓம், ஓம் என்று சொல்ல, நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து அவள் முடியும் வரை காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பகுதியில் ஆமாம் என்பதற்கு ஓம்தான் என்று விளங்கப்படுத்தியபோது அதிகாரியும் சிரித்தார். அவர் கடைசியாகக் கேட்டது, இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருப்பதுதான் உங்கள் எண்ணமா என்று. அதற்கும் ஓம் என்றேன். கையெழுத்து வைத்தேன். இங்கே நிரந்தரம் என்று வைத்த அதே கை, அங்கே தற்காலிகம் என்று வைக்க வேண்டும். இங்கே வந்திருக்கிற எங்கள் ஊர்ச் சனம் எல்லாரையும் கேட்டுப் பாருங்கள். ஊருக்குக் கதைக்கும்போது எல்லாரும் தற்காலிகம்தான். இருபது வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறவர்கள் இந்தத் தெருவிலேயே மூன்று வீடு.

ரிஸானா வேலையால் வந்ததும் படிவத்தைக் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள். கையெழுத்து வைக்க வேண்டாம் என்றாள். அவள் முகம் வேலைக்குப் போகிற முகமாக மாறியிருந்தது. அவளே பரீதாவைப் போனில் அழைத்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். பொய்யென்று பிடிபட்டால் பிறகு விண்ணப்பிக்கவும் முடியாது, உண்மையைச் சொல்லிப் புதிதாகக் கேட்கலாம் என்று விளங்கப்படுத்தினாள். பொது இடத்தைச் சீதனம் கொடுக்க ஏலாது என்றும் சொன்னாள்.

பரீதா அப்போது கடையில் நின்றாள். பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"எனக்குச் சட்டம் படிப்பிக்காத ரிஸானா. நீ கம்பஸுக்குப் போகக்குள்ள இந்தக் கடையில ரொட்டி தட்டினது ஆரு? அப்ப இது பொது இடமெண்டு ஒனக்குத் தெரியல்லையா?"

"ராத்தா, நான் அதச் சொல்லல்ல."

"நீ படிச்சதெல்லாம் எண்ட அடுப்புல இருந்து போனது. இப்ப நீ அங்க இரிந்து கடைகளக் கழத்துற. கழத்து. எண்ட கடையயும் கழத்து."

ரிஸானா போனை என் கையில் தந்துவிட்டு அறைக்குள் போனாள். பரீதா என்னிடம், உம்மா, ஒப்பம் வைப்பீங்களா மாட்டீங்களா என்று கேட்டாள். ரெண்டு நாள் தா என்றேன்.

4

அந்த ரெண்டு நாளும் நான் நடக்கப் போகவில்லை. பூக்காரர் நின்ற இடத்தைப் பார்க்க விருப்பமில்லை.

மகளுக்காக ஒரு வரி பொய் எழுதினால் என்ன? அல்லாஹ் தாய்மாரின் மனசை அறிந்தவன். இப்படித்தான் முதல் நாள் நினைத்தேன். ரெண்டாம் நாள் அசர் தொழுதுவிட்டு இருக்கும்போது, பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தேன்.

அந்தக் கடை எனக்கு முதல் வேறொருவர் பேரில் இருந்தது. அவர் எங்கள் ஊர் வியாபாரி, கொழும்பில் போய்க் குடியேறியவர். தம்பியை வைத்து நடத்தினார். கடல் வந்த பிறகு, இல்லாதவர்களுக்குக் கடை கொடுப்பதற்காகச் சபை அன்றைக்கும் இதே மாதிரி ஒப்பந்தங்களைப் பார்த்தது. நாங்கள் ஒரு கூட்டம் பொம்பிளைகள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், சபைக்கு வெளியே வெயிலில் நின்றோம். அவரும் கொழும்பில் இருந்து வந்திருந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தம்பி எனக்கு உதவியாகத்தான் நிற்கிறான், நான் தற்காலிகமாகத்தான் அங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவள் இல்லை. எல்லாருக்கும் கேட்க அவரைப் பார்த்துச் சொன்னேன், "கொழும்புல இரிக்கிறவருக்குக் கடற்கரையில என்ன கடை?" பொம்பிளைகள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் தம்பிக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தன. அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அவரிடம் இருந்து எடுத்த கடையைத்தான் எனக்குத் தந்தார்கள்.

கொழும்பாவது பஸ்ஸில் ஒரு பகல் தூரம். நான் இருப்பது மெல்பேர்ணில்.

நௌபர் சொன்னார், இப்போதும் சபையில் கடை கேட்டு ஒரு வரிசை இருக்கிறதாம். அந்த வரிசையில் என்னைப் போல ஒருத்தி நிற்பாள். அவளுக்கும் வாய் இருக்கும்.

அடுத்த நாள் காலை ரிஸானாவைக் கூப்பிட்டு எனக்கு ஒரு வெள்ளைத் தாள் தா என்றேன். அவள் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நாலு கேள்விக்கும் என் கையாலேயே எழுதினேன். பாவிப்பவர் என் மகள். நான் வெளிநாட்டில் நிரந்தரமாக வசிக்கிறேன். கடையை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது நான், அது பிழையென்று அவளுக்குத் தெரியாது, ஒப்பந்தத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. பிழை என்னுடையது. இவ்வளவையும் எழுத மத்தியானம் வரை ஆனது.

அதை முதலில் பரீதாவுக்கு அனுப்பினேன். சபைக்கு நீயே கொண்டுபோய்க் கொடு, கொடுக்காமல் கிழித்தாலும் உன் விருப்பம், ஆனால் வேறு தாளில் நான் ஒப்பம் வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் பதில் அனுப்பவில்லை.

5

அவள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பத்து நாளில் விசாரணைக்கு அழைத்தார்கள். நான் வர முடியாததால் வீடியோவில் பேசலாம் என்றார்கள். அங்கே காலை பத்து மணி, இங்கே லுஹர் தொழுது முடிந்த நேரம். நல்ல உடுப்பு உடுத்து, முக்காட்டுக்கு ஊசி குத்தி, மேசைக்கு முன்னால் இருந்தேன். ரிஸானா லீவு போட்டிருந்தாள். படத்துக்குள் வராமல் சுவரோரம் நின்றாள்.

அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, வயது குறைந்தவர், மரியாதையாக ஸலாம் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் பரீதா. ஒரு வருஷமாக நான் அவளை முழுசாகப் பார்க்கவில்லை, போனில் எப்போதும் பாதி முகம்தான் தெரியும். மெலிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி என் கடிதத்தை வாசித்துக் காட்டினார். இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். ஓம் என்றேன். யாரும் சொல்லித் தந்ததா என்றார். எனக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்றேன். அவர் சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"உம்மா, பதிவுக்காகக் கேக்கன். இந்தக் கடை இப்ப ஆருட?"

நேற்று வரை அந்தக் கேள்விக்கு எனக்கு ரெண்டு பதில் இருந்தது. என்னுடையது, அல்லது என் மகளுடையது.

"சபையிட" என்றேன். "ஊருட."

பரீதாவின் முக்காடு லேசாக அசைந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அதிகாரி எழுதினார். ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது, கடையைத் திறந்த விண்ணப்பத்துக்கு விடுவோம், இப்போது நிற்கிறவரும் மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார். ரிஸானா பூக்காரருக்கு எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்.

அப்போது பரீதா நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள். "அந்தப் படிவத்த இப்பயே தாங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். பேர் எழுதுகிற இடத்தில் உம்மாவின் பேரை எழுதவா என்று கேட்டாள் என்று நினைத்தீர்களா? இல்லை. அந்தக் கடையில் பத்தொன்பது இருபது வருஷம் நின்றவள், ஊரே ஆசியா உம்மாட கடை என்று சொல்கிற கடையில் நின்றவள், தன் பேரை எழுதினாள். எழுதும்போது அவள் முழங்கை போனில் பட்டு, படம் கூரையைக் காட்டியது. மின்விசிறி சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதிகாரிதான் ஸலாம் சொல்லி அழைப்பை வெட்டினார். என் மகள் சொல்லவில்லை.

ரிஸானா வந்து என் தோளில் கை வைத்தாள். எடு என்று சொல்லிவிட்டேன். அவள் செய்தது பிழையில்லை, ஆனால் அந்த நேரத்தில் யாருடைய கையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கொடுத்த சீதனத்தைத் திருப்பி எடுத்த தாய் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

6

அடுத்த ஒரு மாதம் பரீதா என்னோடு கதைக்கவில்லை. நௌபர் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் சுகம் விசாரித்துச் செய்தி அனுப்பினார். ரிஸானாவின் மகன் என்னிடம் இங்கிலீசில் கேட்டான், பெரியம்மாவுக்கு ஏன் கோபம் என்று. அவனுக்குச் சீதனம் என்றால் என்ன என்று தமிழில் சொன்னேன், விளங்கவில்லை. ரிஸானா இங்கிலீசில் சொன்னாள். அதற்கும் அவன், கடை சிட்டியுடையது என்றால் எப்படிக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்டான். பதினொரு வயது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு முதலில் தெரிவது அதுதான். எங்களுக்குக் கடைசியாகத் தெரிந்தது.

ஊரில் இருக்கிற தாய்மாருக்கு ஒன்று சொல்கிறேன், புத்தி சொல்வதாக நினைக்க வேண்டாம். சந்தைக் கடையோ கடற்கரை மீன்வாடியோ, சபையின் பேரில் இருக்கிற எதையும் பிள்ளையின் கலியாணப் பேச்சில் வைக்காதீர்கள். அது உங்கள் கையில் இருப்பதால் உங்களுடையது போலத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலை நான் வெங்காயம் உரிக்கும்போது பரீதா போன் எடுத்தாள். ஸலாம் சொன்னாள். நானும் சொன்னேன். சாப்பாடு, சுகம் ஒன்றும் கேட்கவில்லை.

"கடை கிடச்சிரிக்கு. எண்ட பேருல. ஒரு வருஷத்துக்கு மட்டும். பொறகு வரிசையில இரிக்கிற ஆக்களோட சேத்துத்தான் பாப்பாங்களாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவள் தொடர்ந்து சொன்னாள்.

"ஒப்பந்தத்த நானே ரெண்டு தரம் வாசிச்சன். இல்மாட மாப்பிள்ள ஊட்டாருக்கும் நானே போய்ச் சொன்னன். கடை சபையிட சாமான், புள்ளைக்குத் தர ஏலா, தாறதெண்டு சொன்னது எங்கட பிழ எண்டு."

"என்ன சொன்னாங்க, மகள்?"

"தேத்தண்ணி தந்தாங்க. கலந்து பேசிட்டுச் சொல்றமெண்டாங்க."

இல்மா என்ன சொல்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அது நடந்து ஒரு மாதமும் பத்து நாளும் ஆகிறது. அவர்கள் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.